இல்லை என்பதும் கேட்கப்படவில்லை என்பதும்

“தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள்: 0.”

ஐந்து மாதங்களாக நாள்தோறும் காலை ஆறு மணிக்கு இந்த ஒற்றை வரி என் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்தது. தில்லியில் நான் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் ஆய்வகத்தில் சிறிய சர்வர் ஒன்று உண்டு. அதிலிருப்பவை கள ஒலிப்பதிவுகள். இந்நகரின் தமிழ்க் குடியிருப்புகளில் வாழ்வோர் தம் கடனைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் வேலையிடத்தில் பட்ட அவமானத்தைப் பற்றியும் மனம் திறந்து பேசியவை அவை. “உங்கள் குரல் இந்த ஆய்வகத்தை விட்டு வெளியே போகாது” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெற்றிருக்கிறேன். அந்த வாக்கைக் காக்கும் காவலாளி என்று நான் நம்பியது, மேற்கண்ட வரியை அனுப்பிக்கொண்டிருந்த கண்காணிப்பு நிரலைத்தான்.

ஒருநாள் அவசரத்தில் என் கடவுச்சொல்லை நானே மூன்று முறை தவறாகத் தட்டச்சு செய்தேன். மறுநாள் காலையிலும் அதே வரி வந்தது: 0. நான் செய்த மூன்று பிழைகளே கண்ணில் படாத காவலாளி வேறு யாரைப் பார்த்திருக்க முடியும்?

நிரலைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன்னிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் வேறொரு துறையிலிருந்து அதை நகலெடுத்து நிறுவியிருந்தார். அது ரெட் ஹேட் வகை லினக்ஸுக்காக எழுதப்பட்டது. அவ்வகையில் நுழைவு முயற்சிகள் ‘செக்யூர்’ என்னும் பதிவுக் கோப்பில் எழுதப்படும். எங்கள் சர்வரில் இயங்குவது ஃப்ரீ பிஎஸ்டி. அங்கே அதே செய்திகள் ‘ஆத்.லாக்’ என்னும் கோப்புக்குப் போகும். ‘செக்யூர்’ என்றொரு கோப்பே அங்கில்லை. இல்லாத கோப்பைத் தேடிய ‘கிரெப்’ கட்டளை நாள்தோறும் “அப்படியொரு கோப்பு இல்லை” என்று முறையிட்டிருக்கிறது. ஆனால், நிரலை எழுதியவர் பிழைச்செய்திகள் அனைத்தையும் ‘டெவ் நல்’ என்னும் அடியற்ற குழிக்குள் தள்ளும்படி எழுதி வைத்திருந்தார். முறையீடு குழிக்குள் போயிற்று. எதையும் வாசிக்காத நிரல் எண்ணிச் சொன்ன விடை மின்னஞ்சலாக வந்தது. அதை ஐந்து மாதங்கள் ‘அமைதி’ என்று நான் வாசித்தேன்.

இந்தப் பதிவை எழுதுவது அந்த மாணவரைக் குறை சொல்வதற்காக இல்லை. நானும் அதே மொழியியல் பயிற்சி பெற்றவர்தான்; எனக்கே இது உறைக்காமல் போனதுதான் வெட்கம். கிளைமொழி ஆய்வுக்குப் போகும் முதலாண்டு மாணவருக்கே நாம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. சென்னைப் பேச்சை வைத்துத் தயாரித்த வினாநிரலைக் கன்னியாகுமரிக்கு அப்படியே எடுத்துச் சென்று, “இந்தச் சொல் இங்கே வழங்குகிறதா?” என்று கேட்டு, எதிரிலிருப்பவர் விழித்தவுடன் “வழங்கவில்லை” என்று குறித்துக்கொண்டு திரும்பினால், அந்தத் தரவு குப்பை. அவர் அதே பொருளுக்கு வேறு சொல் வைத்திருப்பார். அல்லது கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. ‘இல்லை’ என்பது ஒரு விடை. ‘கேட்கப்படவில்லை’ என்பது வெற்றிடம். இரண்டையும் ஒரே குறியால் குறிப்பவரை நாம் ஆய்வாளர் என்று ஏற்பதில்லை. ஆனால் நம் தரவு முழுவதையும் காக்கும் நிரல், இவ்விரண்டையும் ஒரே சுழியத்தால் குறிப்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

“யூனிக்ஸ் எல்லாம் ஒன்றுதானே, கோப்பின் பெயரை மாற்றினால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பெயரை மாற்றினேன். ‘நேற்று’ என்னும் நாளைக் கணக்கிட, க்னூ கருவித்தொகுப்பின் ‘டேட்’ ஏற்கும் சொற்றொடரை பிஎஸ்டியின் ‘டேட்’ ஏற்காது என்பதால் அதையும் மாற்றினேன். மறுநாள் ஆயிரக்கணக்கான தோல்வியுற்ற முயற்சிகள் அறிக்கையில் வந்தன. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் எந்தச் சர்வருக்கும் அது இயல்புதான். திருத்திவிட்டேன் என்று நிம்மதியடைந்தேன். அடுத்த மாதம் பிறந்தவுடன் மீண்டும் சுழியம் வந்தது. பத்தாம் தேதிக்குரிய அறிக்கையில் எண்கள் திரும்பின.

காரணம் ஒரு வெற்றிடம். உண்மையிலேயே ஒரேயோர் எழுத்தின் அகலமுள்ள வெற்றிடம். மரபான பதிவு வடிவத்தில் ஓரிலக்கத் தேதிக்கு முன்னால் ஒரு வெற்றிடம் கூடுதலாக இருக்கும். ஜூன் 10 என்பதில் மாதப் பெயருக்கும் எண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி. ஜூன் 9 என்பதில் இரண்டு. நான் தேடியதோ சுழியம் சேர்த்த 09. ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் ஒன்பது நாள்கள் என் காவலாளி உறங்கும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன். தகவமைத்தல் என்பது பெயர்களை மாற்றுவதோடு முடிவதில்லை என்பதை அந்த ஒன்பது நாள்களில் கற்றேன்.

இந்தப் பதிவு மொழிக்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தம் ‘செண்ட்மெயில்’ அஞ்சல் நிரலுக்காக உருவாக்கியதே ‘சிஸ்லாக்’. அது எழுதப்பட்ட இலக்கணம் எதுவுமின்றியே யூனிக்ஸ் உலகம் முழுவதும் பரவியது. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3164 என்னும் ஆவணம்கூட விதி வகுக்கவில்லை. வழக்கில் இருந்ததை விவரித்தது. ஆண்டையும் நேர வலயத்தையும் தாங்கிய முறையான வடிவம் 2009இல் ஆர்எஃப்சி 5424இல்தான் வகுக்கப்பட்டது. அதற்குள் கால் நூற்றாண்டு வழக்கு ஊறிப்போயிருந்தது. மரபான வரியில் மாதமும் நாளும் மணியும் இருக்கும், ஆண்டு இருக்காது. கல்வெட்டு வாசித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. மன்னனின் ஆட்சியாண்டு மட்டும் பொறிக்கப்பட்ட கல்லைப் பார்த்து, எந்த மன்னன் என்று உறுதிசெய்யாமல் காலம் குறிப்பவர் எவரும் இல்லை. அதே எச்சரிக்கையை இங்கே மட்டும் ஏன் கைவிடுகிறோம்?

இயங்குதளத்தை மாற்றாமல் இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். மொழி நம் காலடியிலேயே நகர்கிறது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12, ‘ஆர்சிஸ்லாக்’கை இயல்பாக நிறுவும் வழக்கத்தைக் கைவிட்டது. தனியாக நிறுவிக்கொண்டவர்களுக்கும் நேரக் குறிப்பின் வடிவம் மாறியது. 2024 ஜூலையில் வந்த ஓப்பன் எஸ்எஸ்எச் 9.8, தன் பணியை இரண்டு நிரல்களாகப் பிரித்துக்கொண்டது. அதுவரை ‘எஸ்எஸ்எச்டி’ என்ற பெயரில் எழுதப்பட்ட வரிகளில் சில ‘எஸ்எஸ்எச்டி-செஷன்’ என்ற பெயரில் வரத் தொடங்கின. வெளியீட்டுக் குறிப்பிலேயே இதை எச்சரித்திருந்தார்கள். ஆனால் பழைய பெயரை மட்டும் அடையாளமாகக் கொண்ட நிரல்கள் குறிப்புகளை வாசிப்பதில்லை. அவை அந்த வரிகளைத் தாண்டிச் சென்றன. பிழையென்று எதையும் காட்டவில்லை. ஒரு பின்னொட்டு ஒரு காவலைக் கலைக்க முடியும் என்பது உருபனியல் படித்த எவருக்கும் வியப்பளிக்கக் கூடாது.

இனி என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். பதிவேட்டை வாசிப்பதில் இரண்டு நெறிகள் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் ஹேன்சனும் டாட் ஆட்கின்ஸும் உருவாக்கி 1993இல் அறிமுகப்படுத்திய ‘ஸ்வாட்ச்’ முதல் நெறிக்கு நல்ல எடுத்துக்காட்டு. எவை ஆபத்தானவை என்று நாம் ஒரு பட்டியல் தருவோம். அவை தென்பட்டால் அது மணியடிக்கும். இரண்டாவது நெறிக்கு மார்க்கஸ் ரானம் 1997இல் ‘செயற்கை அறியாமை’ என்று விளையாட்டாகப் பெயரிட்டார். அதன்படி, எவை வழக்கமானவை, பொருட்படுத்த வேண்டாதவை என்று பட்டியலிட்டு அவற்றை ஒதுக்க வேண்டும். எஞ்சிய ஒவ்வொரு வரியையும் மனிதர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். டெபியன் பயனர்கள் நன்கறிந்த ‘லாக்செக்’ இவ்வழியைச் சேர்ந்தது.

இரண்டும் தவறும். ஆனால் தவறும் விதம் வேறு. ஒரு பெயர் மாறினால், ஒரு வெற்றிடம் கூடினால், முதல் நெறி மௌனமாகிறது. இரண்டாவது நெறி கூச்சலிடுகிறது. ‘எஸ்எஸ்எச்டி-செஷன்’ வந்த நாளில் முதல் வகை அறிக்கை சுழியத்தை நோக்கிச் சரியும். இரண்டாவது வகை அறிக்கை, “இந்த வரிகள் எனக்குப் புரியவில்லை, நீயே பார்” என்று நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டும். உருபன் பகுப்பாய்வு நிரல்களைப் பற்றி நம் துறையில் சொல்வதும் இதைத்தானே? பகுக்க முடியாத சொல்லைச் சத்தமின்றி விட்டுவிடும் நிரலின் துல்லியம் காகிதத்தில் அழகாக இருக்கும். பகுக்க முடியாதவற்றைத் தனியே பட்டியலிட்டுத் தரும் நிரலே ஆய்வுக்கு உதவும். தன் அறியாமையைத் தானே அறிவிக்கும் நிரல்தான் வேறோர் இயங்குதளத்துக்கு எடுத்துச் செல்லத் தகுந்தது.

தமிழ்க் கணினி ஆர்வலர்களுக்கும் ஒரு சொல். இயங்குதளத்தின் மொழிச்சூழலைத் தமிழுக்கு மாற்றினால் தேதி, மாதப் பெயர், சில நிரல்களின் செய்திகள் ஆகியவை மாறும். ‘போஸ்ட்கிரெஸ்’ தரவுத்தளத்தில் செய்திமொழியை மாற்றினால், மொழிபெயர்ப்பு இருக்குமிடத்து அதன் பதிவுகளும் அம்மொழியில் எழுதப்படும். ஆங்கிலச் சொல்லைத் தேடும் நிரல் அங்கே குருடாகும். ஆகவே நிரல் வாசிக்கும் பதிவின் மொழிச்சூழலை ‘சி’ என்று நிலைநிறுத்துங்கள். மனிதர் வாசிக்கும் அறிக்கையைத் தமிழில் எழுதுங்கள். இதில் தமிழுக்கு இழுக்கு எதுவுமில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுவது மட்டுமே இதிலுள்ளது.

பதிவேட்டில் பிறர் கூற்றும் கலந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் வெளியாள் தட்டச்சு செய்யும் சொற்கள் பதிவு வரிக்குள் மேற்கோளாக ஏறுகின்றன. அந்த இடத்தில் அவர் ஒரு முழு வாக்கியத்தையே எழுதி, கவனமற்ற நிரலை ஏமாற்றி, தொடர்பற்ற ஒருவரைக் குற்றவாளியாக்க முடியும். தன்கூற்றையும் பிறர்கூற்றையும் பிரித்தறியாத வாசிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2021 டிசம்பரில் உலகம் கண்டது. ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் நூலகம், பதிவு செய்யத் தரப்பட்ட சொற்றொடரைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு செயல்பட்டது. குறிப்பதற்கும் பணிவதற்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியவில்லை. கூற்று, மேற்கோள், கட்டளை ஆகியவற்றின் வேறுபாட்டைக் கற்பிக்கும் துறை எது? “இது கணினித் துறையின் வேலை, நமக்கென்ன?” என்று கேட்கும் மொழியியல் நண்பர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

இந்த நகரத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல் 28 அன்று, தில்லியிலிருந்து இயங்கும் செர்ட்-இன் அமைப்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் ஆணை ஒன்றை வெளியிட்டது. நிறுவனங்களும் தரவு மையங்களும் அரசு அமைப்புகளும் தம் கணினி அமைப்புகள் அனைத்தின் பதிவுகளையும் 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடோ, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடோ ஒத்திசைக்க வேண்டும். பாதுகாப்பு நிகழ்வு கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நல்ல ஆணைதான். இந்தியாவின் நேரத்தைக் காக்கும் அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், பூசா வளாகத்தில் அது அமைந்திருக்கும் சாலைக்கே அவர் பெயர்தான். எனவே நம் பதிவுகள் நொடி பிசகாத நேரத்தோடு சேமிக்கப்படும்.

ஆனால் யார் வாசிப்பது? ஆணை வைத்திருக்கச் சொல்கிறது. கேட்டால் தரச் சொல்கிறது. அந்த 6 மணி நேரம் தொடங்குவது, நிகழ்வு கவனத்துக்கு வந்த கணத்திலிருந்து. கவனிக்காதவருக்கு அந்தக் கடிகாரம் தொடங்குவதே இல்லை. என் நிரலைப் போன்ற ஒன்றை நிறுவிய அலுவலகம் ஆண்டு முழுவதும் விதியை மீறாமல் உறங்கலாம். தணிக்கைக்கு வருபவர் கோப்பு இருக்கிறதா, 180 நாள் ஆகிறதா என்று பார்த்துக் குறியிட்டுப் போவார். ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பூவிட்டு வணங்கி, செல்லுக்கு இரையாக்கிய குடும்பங்களை நாம் பழிக்கிறோம். நம் பதிவுக் கோப்புகளுக்கு நாம் செய்வது என்ன?

2022 நவம்பர் 23 அன்று இதே நகரில் எய்ம்ஸ் மருத்துவமனை இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டது, வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாதது காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பல நாள்கள் நோயாளிகளின் பதிவு கையெழுத்தில் நடந்தது. அங்கே பதிவேடுகள் வாசிக்கப்பட்டனவா என்பது என் பேச்சு இல்லை. ஒரு சர்வர் வாய்மூடினால் வரிசையில் நிற்பவர் நோயாளி என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் வரிசையில் நிற்பவர்கள், குரல் கொடுத்த அந்த மனிதர்கள்.

“விலைகொடுத்து நல்ல கருவி வாங்கிவிடலாமே”, “செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடலாமே” என்னும் யோசனைகளும் வருகின்றன. வாங்கலாம், விடலாம். இல்லாத கோப்பைக் காட்டி வாசிக்கச் சொன்னால் விலையுயர்ந்த கருவியும் சுழியத்தைத்தான் வண்ண வரைபடமாகத் தரும். எதை வாசித்தது, எதை வாசிக்கவில்லை என்று சொல்லாத எந்தக் கருவியையும் நம்ப எனக்குக் காரணமில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஒவ்வோர் அறிக்கையும் முதல் வரியில் எந்தக் கோப்பிலிருந்து எத்தனை வரிகள் வாசிக்கப்பட்டன என்று சொல்ல வேண்டும். வாசித்த வரி சுழியமென்றால் அறிக்கை வரக் கூடாது, அபாய மணி வர வேண்டும். இரண்டு, பிழைச்செய்திகளைக் குழிக்குள் தள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். மூன்று, புரியாத வரிகள் அறிக்கையில் இடம்பெற வேண்டும். நான்கு, நிரலைத் தகவமைப்பவர் எதை, எங்கிருந்து, ஏன் மாற்றினார் என்று குறிப்பெழுத வேண்டும். சுவடிகளைப் பதிப்பித்த முன்னோர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஒழுக்கம் அச்சு நூலோடு முடிந்துவிட வேண்டியதில்லை.

இனி, மறைக்க விரும்பாத ஒன்று. ஃப்ரீ பிஎஸ்டி தன் வழக்கப்படி நாள்தோறும் ஒரு பாதுகாப்பு அறிக்கையைத் தானே எழுதி ‘ரூட்’ கணக்குக்கு அனுப்புகிறது. அந்த அஞ்சற்பெட்டியை எங்களில் யாரும் திறந்ததில்லை. திறந்தபோது, ஐந்து மாதங்களும் கதவைத் தட்டியவர்களின் கணக்கு அங்கே முழுமையாக இருந்தது. அந்த இயங்குதளம் தன் வழக்குமொழியைச் சரியாகவே வாசித்திருக்கிறது. நாங்கள்தான் வேற்றூர் நிரலை நம்பினோம். ஆனால் அந்த அறிக்கை தோல்விகளைத்தான் பட்டியலிடும். வெற்றிகரமாக உள்ளே வந்தவர்களின் வரிகள் ஆத்.லாக் கோப்பில் இருந்தவை. அது குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சுழற்றப்பட்டு, ஏழு பழைய பிரதிகளுக்கு மேல் போனவை அழிந்துவிட்டன. தட்டியவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடிகிறது. உள்ளே வந்தவர் உண்டா என்று சொல்ல முடியவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட ஒவ்வொருவருக்கும் இதை இப்படியே எழுதித் தெரிவிப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். தம் பதிவை நீக்கச் சொல்பவர்களின் பதிவை நீக்குவேன். ஆய்வேடு அதனால் மெலியும்; மெலியட்டும்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒன்று கேட்கிறேன். உங்கள் துறையின் சர்வரைக் கவனிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நாளை உங்கள் சொந்தக் கணக்கில் கடவுச்சொல்லை வேண்டுமென்றே மூன்று முறை தவறாக இடுங்கள். மறுநாள் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மூன்றும் அதில் இருந்தால் நல்லது. இல்லையென்றால், உங்கள் சுழியம் எத்தனை மாதம் பழையது என்று அன்றே விசாரிக்கத் தொடங்குங்கள். பழைய பிரதிகள் அழிந்துகொண்டிருக்கின்றன.